கண்ணை நம்பாத கலை

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, நாலந்தாவில், போவதென்ன நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு கற்றளி நிற்கிறது. பல்லவர் பாணியில் எழுந்த பௌத்தத் தலம், கெடிகே என்பர். மகாவலித் திட்டத்தால் நீர் சூழவிருந்த நிலையில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, 1980ஆம் ஆண்டளவில் மேட்டில் மீண்டும் அடுக்கினர். குறும்படம் எடுக்கப் புகும் மாணவருக்கு இதனினும் கண்டிப்பான ஆசான் வாய்ப்பது அரிது.

இத்தலம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் உள்ளது. ஏப்ரல், செப்டெம்பர் மாதங்களின் தொடக்கத்தில் நண்பகற் கதிரவன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். நடிப்பவரின் கண்குழிகள் அப்போது இருண்டு போகும். வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மண்டபத்தின் உள்மூலையில் நூறே லக்ஸ் எனக் கொண்டால், இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஒளி ஒருமுறை இரட்டிப்பதை ஒளிப்பதிவாளர் ஒரு 'ஸ்டாப்' என்பர். அக்கணக்கில் இது பத்து ஸ்டாப்.

நம் கண் இவ்வேறுபாட்டை உணர்வதே இல்லை. பாவை சுருங்கி விரிகிறது. விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. மூளை இரண்டையும் இணைத்து ஒரே காட்சியாகத் தருகிறது. படக்கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளே நிற்பவரின் முகத்துக்கு அளவு வைத்தால் வாயில் வெளுத்துப்போகும். வாயிலுக்கு வைத்தால் முகம் கருகும். கதையும் நடிப்பும் பயில வேண்டியவைதாம். ஆயினும் முதற்படம் தரும் தலையாய தேர்ச்சி, தன் கண்ணை ஐயுற்று ஒளிமானியை நாடும் பழக்கமே என்பேன்.

பிழைகளைக் காட்டிக்கொடுப்பது தொகுப்பு மேசை. கதிரவன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரம் எடுத்த உரையாடல் திரையில் ஒரே நிமிடமாகச் சுருங்கும்போது, அடித்தளச் சிற்பங்களின் நிழல் வெட்டுக்கு வெட்டு இடம்மாறித் தாவும். காலையிலோ நீர்த்தேக்கமே துணைக்கு வருகிறது. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே திருப்பும் நீர்ப்பரப்பு, கதிரவன் தொடுவானுக்குப் பத்துப் பாகை மேலே நிற்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகத் திருப்புகிறது. விளக்கு வாடகைக்குக் காசில்லாத மாணவருக்கு இது கொடைதான்!

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த ஒளிப்பதிவாளர் பாலுமகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தேறினார். அங்கு எடுத்த பட்டயப் படத்தைக் கண்டே இயக்குநர் ராமு காரியாத் அவரை 'நெல்லு' படத்துக்கு அழைத்தார். படச்சுருளைக் கழுவும்வரை எடுத்தது தெரியாத காலம் அது; ஆகவே மனத்துக்குள்ளேயே கணக்கிட்டாக வேண்டும். இயற்கை ஒளியைக் கையாண்டு அவர் பெற்ற பெயருக்கு அடியில் இக்கணக்கே கிடக்கிறது. இன்றைய மாணவர் உடனுக்குடன் திரையில் பார்த்துவிடுகின்றனர். வசதிதான், ஆனால் கணிக்கும் ஆற்றல் அதனால் மழுங்குகிறது.

ஆகவே கைபேசியில் படமெடுப்போரும் தானியங்கி ஒளியளவை ஒரு நாளேனும் அணைத்துவைத்து, அளவுகளைத் தாமே கணித்துப் பார்க்க வேண்டும். கெடிகேயில் படம்பிடிக்க விரும்புவோர் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுச் செல்க.