குளிருக்கு இதமா... பாறைக்கு ரெடியா?

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சாச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் நிம்மதி. 'எங்கேயாவது கிளம்பலாம் மச்சி'னு ஹாஸ்டல் மொட்டை மாடியில மாநாடு கூடும். ஊட்டி, கொடைக்கானல், கோவானு வழக்கமான லிஸ்ட் வாசிக்கப்படும். இந்தத் தடவை கொஞ்சம் மாத்தி யோசிங்களேன். பாறை ஏறப் போனா என்ன?

'அதுக்கு இமயமலைக்குப் போகணுமே'னு இழுக்காதீங்க. டிசம்பர்ல அந்தப் பக்கம் போனா விரல் மரத்துப் போகும், பிடி கிடைக்காது. நம்ம ஊர்லயோ வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் கண்ணாமூச்சி ஆடும். அதனாலதான் பாறை ஏறுற கூட்டம் குளிர்காலம் வந்தா வட கர்நாடகாவுக்கு டிக்கெட் போடுது. அங்கே அப்போ மழை ரொம்பக் குறைவு. பகல்ல 30 டிகிரியை ஒட்டின வெயில், ராத்திரி போர்வை கேட்கிற குளிர்.

அங்கே ரெண்டு ஊர் ஃபேமஸ். ஹம்பி, பாதாமி. எதுக்குப் போறது? இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. எந்த ஊர் போட்டோ சூப்பரா இருக்குனு பார்த்து முடிவு பண்றாங்க. பார்க்க வேண்டியது போட்டோவை இல்லை பாஸ், உங்க கேங்குக்கு என்ன தெரியும்ங்கிறதை!

ஹம்பி: கயிறு வேண்டாம், மெத்தை வேணும்

விஜயநகரப் பேரரசோட தலைநகரம். 1986-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். யானை சைஸ்ல இருந்து வீடு சைஸ் வரைக்கும் கிரானைட் குண்டுகள் கொட்டிக் கிடக்கும். அமெரிக்க வீரர் கிறிஸ் ஷர்மா இங்கே ஏறினதைக் காட்டிய 'பில்கிரிமேஜ்' படம் 2003-ல வந்துச்சு.

இங்கே நடக்கிறது போல்டரிங். குட்டைப் பாறை, கயிறு கிடையாது, கீழே 'க்ராஷ் பேட்'ங்கிற தடிமனான மெத்தை. கயிறு இல்லைன்னா ஈஸினு நினைச்சிடாதீங்க. இதுல எப்போ விழுந்தாலும் தரைக்குத்தான் வரணும். மெத்தை ஒரு அடி தள்ளியிருந்தாலும் கணுக்கால் காலி. கீழே நிற்கிற ஃப்ரெண்ட் உங்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம்; தலையும் முதுகும் பாறையில மோதாம மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டா போதும். அவர் செல்லை நோண்டிட்டு இருந்தா, நீங்க ஏறாதீங்க. ஏறும் முன்னாடியே இறங்குற வழியையும் பார்த்து வெச்சுக்கங்க. மேலே போய் 'இப்போ எப்படிடா இறங்குறது?'னு முழிச்ச வீரர்கள் ஏராளம்!

பாதாமி: கயிறு தெரிஞ்சவங்களுக்கு

ஹம்பியில இருந்து சுமார் 150 கிலோமீட்டர். பேர் புதுசா இருக்கா? நரசிம்மவர்ம பல்லவர் படையெடுத்துப் பிடிச்ச வாதாபிதான் இது! 6-ம் நூற்றாண்டு சாளுக்கியர் குகைக் கோயில்களும், செங்குத்தா நிற்கிற சிவப்பு மணற்கல் சுவர்களும் இருக்கிற ஊர்.

இங்கே பாறையில ஏற்கெனவே போல்ட் அடிச்சிருப்பாங்க. அதுல கயிறை மாட்டி மாட்டி மேலே போகணும். கீழே ஒருத்தர் கயிறைக் கட்டுப்படுத்துவார். அதுக்குப் பேர் பிலே. உங்க உயிர் அவர் கையில. யூடியூப்ல பார்த்துட்டு வந்து முதல் பிலேயை இங்கே பழகுறது வேண்டவே வேண்டாம். ஹார்டுவேர் கடை நைலான் கயிறும் ஆகாது. க்ளைம்பிங்குக்குனு தயாரிச்ச டைனமிக் கயிறு, விழும்போது இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கும். சாதாரணக் கயிறு அந்த மொத்த அதிர்ச்சியையும் உங்க இடுப்புக்கும் போல்ட்டுக்கும் கொடுக்கும். ஆடுற போல்ட், துருப்பிடிச்ச போல்ட்டை நம்பாதீங்க. மழை பெஞ்சிருந்தா பாறை நல்லா காயுற வரைக்கும் தொடாதீங்க. ஈரமான மணற்கல், பிடிச்ச இடத்துலயே பேர்ந்து வந்துடும்.

வெயிலோட விளையாடாதீங்க

இதமான ஊரைத் தேடிப் போறோம், சரி. ஆனா பாறை சூடாச்சுன்னா கை வியர்க்கும், பிடி நழுவும். காலையில 10 மணி வரைக்கும், சாயங்காலம் 4 மணிக்கு மேலயும்தான் ஏற வசதி. நடுவுல கோயில் பாருங்க, தூங்குங்க. முதல் நாளே ஆவேசமா ஏறினா ஹம்பி கிரானைட் விரல் தோலை உரிச்சுடும். மறுநாள் இட்லி பிய்க்கக்கூட ஃப்ரெண்டைக் கூப்பிடணும்!

தூணைத் தொட்டா தொலைஞ்சீங்க

செதுக்கின கல், கோயில் சுவர், மண்டபம் எதுலயும் கால் வைக்கக் கூடாது. ஹம்பியில ஒரு தூணைத் தள்ளிவிட்டு வீடியோ எடுத்த நாலு இளைஞர்களுக்கு 2019-ல கோர்ட் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, அதே தூணைத் திரும்ப நிமிர்த்த வெச்சது. ஏறுறதுக்கு முன்னாடி, 'இந்தப் பாறையில ஏறலாமா?'னு உள்ளூர்ல ஏறுறவங்களைக் கேட்டுக்கங்க.

சீனியர்கள் 'ஆத்துக்கு அந்தப் பக்கம் விருபாபூர் கட்டேல தங்குடா'னு சொல்லலாம். அங்கே இருந்த விடுதிகளை 2020-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு இடிச்சுட்டாங்க. இப்போ சனாபூர், ஆனெகுந்தி பக்கம் விசாரிங்க. பெங்களூர் போய், ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிச்சா காலையில ஹோஸ்பேட். அங்கே இருந்து 13 கிலோமீட்டர்ல ஹம்பி.

ஆக, கணக்கு சிம்பிள். எல்லாரும் புதுசா? ஹம்பி போங்க. மெத்தை வாடகைக்கு எடுங்க, தெரிஞ்ச ஒருத்தரைக் கூட வெச்சுக்கங்க, உங்க உயரத்தைத் தாண்டாத பாறையில ஆரம்பிங்க. பிலே ஒழுங்கா கத்துக்கிட்டவங்க கேங்ல இருக்காங்களா? அப்போ பாதாமி.

'முடியலைடா, இறங்குறேன்'னு சொல்றதுக்குக் கூச்சமே படாதீங்க. பாறை எங்கேயும் ஓடிடாது. அடுத்த டிசம்பரும் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் இருக்கணும்ல!