'பிரமாதம்' என்றால் ஆபத்து!

'பிரமாதம்' என்ற வார்த்தையை நாம் எதற்கெல்லாம் உபயோகிக்கிறோம்! அத்தை வீட்டு அதிரசம், இன்க்ரிமென்ட் லெட்டர், மானேஜர் சொல்லும் பழைய ஜோக் (வேறு வழி?) எல்லாமே பிரமாதம்தான். ஆனால், சென்னையிலிருந்து வடமேற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போய், ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திராவுக்குள் கால் வைத்தால் அர்த்தம் தலைகீழ். தெலுங்கில் 'பிரமாதம்' என்றால் ஆபத்து! விபத்து!

திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு வாரம் ஒரு நாள் லீவ். கையில் டூ-வீலர் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏரி, ஆறு, மலை, அருவி எல்லாம் ரெடி. ஜனவரியில் ஒரு வீக் எண்டில் சிப்காட் நண்பர்கள் இரண்டு பேரோடு நானும் தொற்றிக்கொண்டேன். சுற்றிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. இந்த எல்லைப்புறத்துத் தண்ணீர் இரண்டு பாஷையிலும் பிரமாதம்!

ஐந்தாவது ஏரி

தேர்வாய் கண்டிகையில் ஆரம்பித்தோம். ஒரு காலத்தில் மாடு மேய்ந்த பூமி. ஆயிரம் ஏக்கருக்கு மேலான மேய்க்கால் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தபோது ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்துப் போராடினார்கள். இன்று அங்கே மிஷெலின் டயர் தொழிற்சாலை உள்பட வரிசையாகக் கம்பெனிகள்.

கொஞ்ச தூரத்திலேயே பளபளவென்று நீர்த்தேக்கம். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாய் செலவில் கட்டியது. 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கத்துக்கு அடுத்து சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரி. 1944-ல் பூண்டி கட்டியதற்கு அப்புறம் பட்டணத்துக்காகப் புதிதாக எழுந்த அணை இதுதான்.

காலை வெயிலில் கரையில் நின்றால் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். மனசு லேசாகிவிடும். ஆனால் பார்ப்பதோடு சரி. குடிக்கிற தண்ணீர், குளிக்க இல்லை. தவிர, இரண்டு பழைய ஏரிகளை ஆழப்படுத்தியது இது. எந்த இடத்தில் முழங்கால், எந்த இடத்தில் மூணு ஆள் ஆழம் என்று மேலே எழுதி ஒட்டியிருக்காது.

ஸீரோ பாயின்ட்

இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிருஷ்ணாவிலிருந்து! 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தம். கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் 152 கிலோமீட்டர் ஓடி, ஊத்துக்கோட்டை பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையைத் தொடுகிறது. அந்த இடத்துக்குப் பெயர் 'ஸீரோ பாயின்ட்'. அங்கிருந்து பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர்.

கால்வாய் பார்க்க ரொம்ப சாது. அலை கிடையாது, சத்தம் கிடையாது. "நம்ம ஊர் நீச்சல் குளம் மாதிரி இருக்கே சார்" என்றார் நண்பர். அதுதான் இல்லை. இரண்டு பக்கமும் சரிவான கான்க்ரீட். அதன் மேல் வழவழவென்று பாசி. இறங்குவது சுலபம், ஏறத்தான் முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லை, ஒரு கல் இல்லை. தண்ணீர் ஓடுகிற வேகமும் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு காய்ந்த குச்சியைப் போட்டுவிட்டு, கூடவே நடந்து பாருங்கள். குச்சி ஜெயிக்கும்!

மழை அங்கே, வெள்ளம் இங்கே

அடுத்து ஆரணி ஆறு. ஊத்துக்கோட்டையிலிருந்து சில நிமிஷத்தில் சுருட்டப்பள்ளி வந்துவிடுகிறது. அது ஆந்திரா. ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துச் சிவபெருமான் படுத்திருக்கும் அபூர்வக் கோயில். பிரதோஷத்தன்று கூட்டம் நெரியும். தரிசனம் முடித்து ஆற்றங்கரைக்குப் போனோம். மணலும் நாணலும், நடுவில் ஒல்லியாக ஒரு ஓடை.

"இதுல எங்க சார் ஆபத்து? செருப்பு கூட நனையாது போலிருக்கே!"

கரையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் காதில் இது விழுந்துவிட்டது. "தம்பி, இங்க மழை பெய்ய வேண்டியதில்ல. அங்க பெஞ்சா போதும்" என்று மேற்கே கையைக் காட்டினார்.

அந்த ஒரு வரியில் மொத்த பூகோளமும் அடக்கம். ஆரணி ஆறு பிறப்பது ஆந்திர மலைகளில். வழியில் பிச்சாட்டூர் அணை. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பினால் உபரி நீரைத் திறந்தாக வேண்டும். சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று ஓடி பழவேற்காட்டில் போய்ச் சேரும். ஊத்துக்கோட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகலாம். மாநில எல்லை மேப்பில்தான் இருக்கிறது, ஆற்றுக்குத் தெரியாது!

போர்டு சொன்ன சேதி

நாகலாபுரம் மலைக்கும் இதே கணக்குதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பாறைகளுக்கு நடுவே படிப்படியாகப் பச்சை நிறச் சுனைகள். தடாவுக்கு மேற்கே உப்பலமடுகு அருவியும் அதே ஜாதி. சென்னை இளைஞர்களுக்கு இரண்டும் சொர்க்கம். வருத்தமான விஷயம், இரண்டு இடத்திலும் உல்லாசமாகப் போன பிள்ளைகள் பலர் திரும்பி வரவில்லை. அதனால்தான் வனத்துறை அவ்வப்போது வழியை மூடுகிறது.

ஒரு சுனைக்குப் பக்கத்தில் தெலுங்கில் போர்டு. எழுத்துக் கூட்டத் தெரிந்த நண்பர், "பி...ர...மா...தம்" என்று படித்தார். இன்னொருவர் குஷியாகி, "கவர்மென்ட்டே சர்ட்டிபிகேட் குடுத்தாச்சு, இறங்குங்கப்பா!" என்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அர்த்தத்தைச் சொன்னதும் கழற்றிய வேகத்தில் மாட்டிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கொஞ்சம் உதறியது. அந்தச் சுனையின் அடிப்பாறை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தெளிந்த தண்ணீரில் ஆழம் எப்போதுமே குறைவாகத்தான் தோன்றும். இடுப்பளவு என்று நினைத்து இறங்கினால் தலைக்கு மேல் போகும். மேலிருந்து குதித்தாலோ, தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் பாறையில் கழுத்து. உச்சி வெயிலில் மலை ஏறிய சூட்டோடு, சில்லென்ற தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு ஒரு நிமிஷம் தடுமாறும். கிணற்றில் நீச்சல் கற்ற சூரருக்கும் இது நடக்கும். 'உள்ளே' கொஞ்சம் தள்ளிவிட்டு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பழவேற்காடும் பழைய கல்லும்

ஆரணி ஆறு கடைசியில் போய்ச் சேரும் பழவேற்காடு ஏரியும் இரு மாநிலத்துக்கும் பொது. பெரும் பகுதி ஆந்திராவில். குளிர்காலத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் வரிசை கட்டும். கரையில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள். பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே நாள் முழுக்கப் பார்க்கலாம். படகு ஆசை வந்தால் 2011 கிறிஸ்துமஸ் தினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

"அப்ப, ஞாயித்துக்கிழமை வீட்லயே படுத்துத் தூங்கச் சொல்றீங்களா?" என்று கேட்கிறீர்கள். அதெப்படி! தண்ணீரில் இறங்காமலே மலைத்துப் போக ஒரு இடம் இருக்கிறது. பூண்டிக்கு அந்தப் பக்கம், குடியம் குகை. காட்டுக்குள் நடந்து போனால் கூழாங்கல் பதித்த பிரம்மாண்டமான பாறைக் கூரை. கற்கால மனுஷன் ஒதுங்கிய இடம். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவற்றுக்கு வயது சுமார் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய நாற்பது மலையேற்றப் பாதைகளில் குடியமும் உண்டு. புக்கிங் திறந்திருக்கிறதா என்று பார்த்து, வழிகாட்டியோடு போகலாம்.

புறப்படும் முன்...

* முதலில் மேற்கே பாருங்கள். மலை மேல் கருமேகம் என்றால் ஆறு, அருவி கேன்சல். அக்டோபர், நவம்பர் அடைமழையில் அந்தப் பக்கமே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி உத்தமம்.

* ஓடையில் நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செல்ஃபியை மறந்து மேட்டுக்கு ஓடுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள்.

* ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. ஒன்று இரண்டாவது இப்படித்தான். கயிறு, வேட்டி, நீளமான கழி ஏதாவது நீட்டுங்கள். மூடி போட்ட ஐந்து லிட்டர் காலி கேன் நன்றாக மிதக்கும், அதை வீசுங்கள்.

* 108 ஆம்புலன்ஸ் இரு மாநிலத்திலும் உண்டு. ஆனால் மலைக்குள் டவர் கிடைக்காது. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

* கொஞ்சம் தெலுங்கு: 'லோத்து' என்றால் ஆழம். 'லோத்து எக்குவ' என்று உள்ளூர்க்காரர் கத்தினால், ஆழம் அதிகம் என்கிறார். கையசைத்துவிட்டு இறங்காதீர்கள்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் கார்டு பஞ்ச் பண்ண எல்லாருமே வர வேண்டும். "டூர் எப்படி?" என்று பக்கத்து சீட்டில் கேட்டால், "பிரமாதம்" என்று சொல்லுங்கள்.

தமிழில்!