விடிவதற்குள் முடிந்துவிடும் வியாபாரம்!

ஊர் உறங்கும் நேரத்தில்தான் சென்னை, கோயம்பேடு மார்க்கெட் விழித்துக்கொள்கிறது. கொத்தவால்சாவடியில் இட நெருக்கடி தாங்காமல், 1996-ம் ஆண்டு இங்கே மாற்றப்பட்ட மொத்தச் சந்தை இது. பரப்பு சுமார் 295 ஏக்கர். காய்கறி, பழம், பூ என ஒவ்வொன்றுக்கும் தனி வளாகம்.

தக்காளி பெரும்பாலும் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும், பெரிய வெங்காயம் மகாராஷ்டிராவிலிருந்தும் வருகின்றன. அங்கே மழையால் வரத்து குறைந்தால், நம் தக்காளிக்கும் விலை ஏறும். அங்கே விளைச்சல் அதிகமானால், நமக்குப் பறிப்புக் கூலிகூட தேறாது.

சில்லறை வியாபாரிகள் அதிகாலையிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தாமதமாக வரும் லோடு தேங்கிப்போய், கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரக்கு அனுப்புபவர்கள், பறிப்பதற்கு முன்பே இரண்டு மண்டிகளில் விலை விசாரியுங்கள். தரம் பிரித்து அனுப்புங்கள். கலந்தால் மொத்தத்துக்கும் இரண்டாம் தர விலைதான். விற்பனைச் சீட்டில் எடை, விலை, கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

லாரி வாடகை, கமிஷன் போக கையில் நிற்கும் தொகையை, பக்கத்திலுள்ள உழவர் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கமிஷன் கிடையாது. நாலைந்து மூட்டை காய்க்கு அதுவே கட்டுப்படியாகலாம்.