பச்சைப் பெட்டி இருந்தால் போதுமா?

லண்டனில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஏதாவது ஒன்றுக்குள் போய், முதலுதவிப் பெட்டியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிகரெட் அலுமாரிக்கு மேலே இருந்தோ பின்னறையின் மூலையில் இருந்தோ ஒரு பச்சைப் பெட்டி இறங்கும். உள்ளே பாதி தீர்ந்த பனடோல் அட்டை, சித்தாலேப போத்தல், இரண்டு ரில் ரோல், பசை காய்ந்த நாலு பிளாஸ்டர். இரத்தத்தை அமத்திப் பிடிக்கக்கூடிய கட்டுத்துணி ஒன்றுகூட இருக்காது. பெட்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் முதலாளி கசியர் பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை முதலாளியைப் பார்க்கும்.

"இதென்ன ஃபக்டரியா? கடைதானே!" இதுதான் வழமையான பதில். மட்டைப்பெட்டி வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் கோப்பித்தூள் வைப்பதும், எண்ணெய் தெறித்த கைக்குப் பற்பசை பூசுவதும், நெஞ்சு நோகுது என்றவரை வாயு என்று சொல்லி சோடா கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் இந்தக் கடைகளில்தான் நடக்கின்றன. சுட்ட காயத்துக்கு வேண்டியது குழாய்த் தண்ணீர், அதுவும் 20 நிமிடம். இதைத் தெரிந்த ஒருவர் அந்த நேரம் கடைக்குள் நின்றிருந்தால் போதும்.

பிரித்தானியாவில் வேலைத்தலங்களுக்கான முதலுதவி ஒழுங்குவிதிகள் 1981இல் வந்தவை. ஊழியர் ஒரேயொருவர் என்றாலும் அவை உங்களைக் கட்டுப்படுத்தும். கடை, அலுவலகம் போன்றவற்றை ஆபத்துக் குறைந்த இடங்கள் என்று அரசின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. வகைப்படுத்துகிறது. அங்கே 25 பேருக்குக் குறைவாக வேலை செய்தால், பெட்டியைப் பார்த்துக்கொள்ளவும் அம்புலன்ஸை அழைக்கவும் ஒரு பொறுப்பாளர் போதும், அவருக்குப் பயிற்சி கட்டாயமில்லை. 25 முதல் 50 பேர் என்றால் ஒருநாள் அவசர முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது வேண்டும். 50ஐத் தாண்டினால் மூன்றுநாள் பயிற்சி பெற்றவர், நூறு பேருக்கு ஒருவர் வீதம். இந்த எண்ணிக்கைகள் வழிகாட்டல்தான். உங்கள் கடையின் ஆபத்தை நீங்களே கணித்து முடிவெடுத்தீர்களா என்பதைத்தான் சட்டம் கேட்கும்.

எங்கள் முதலாளிமார் வழுக்கி விழுவது இந்த இடத்தில். முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் இறைச்சி வெட்டும் மின்வாள், பக்கத்தில் கொத்துரொட்டிக் கல்லும் எண்ணெய்ச் சட்டியும். இதை முழுக்க ஆபத்துக் குறைந்த இடம் என்று யார் சொன்னது? கூரிய கருவிகளோடும் ஆபத்தான இயந்திரங்களோடும் அதிகம் புழங்கும் வேலை ஆபத்துக் கூடிய வகைக்குள் போய்விடும். அங்கே ஐந்து பேர் வேலை செய்தாலே பயிற்சி பெற்ற ஒருவராவது வேண்டும்.

இன்னொன்று. பொறுப்பாளரோ பயிற்சி பெற்றவரோ, ஆட்கள் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் ஒருவர் இருக்க வேண்டும். முதலாளி பயிற்சி எடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார், கடையோ இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கிறது. அந்த ஐந்து மணித்தியாலத்துக்கு யார்? ஞாயிற்றுக்கிழமைக்கு யார்? அவர் ஊருக்குப் போகும் ஒரு மாதத்துக்கு யார்? ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர் என்று எண்ணி அனுப்புங்கள். அவர்களின் பெயர்களை எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே கடையின் போஸ்ட்கோடை எழுதுங்கள். 999ஐ அழைத்தபின் பதற்றத்தில் போஸ்ட்கோட் மறந்துபோவது புதினமான விஷயமில்லை.

ஒருநாள் பயிற்சி என்பது குறைந்தது ஆறு மணித்தியாலம். மயங்கியவரைக் கையாள்வது, நெஞ்சை அழுத்தி உயிர்மீட்பது, டிஃபிப்ரிலேட்டர் பாவிப்பது, தொண்டையில் அடைத்தால் செய்வது, இரத்தப்போக்கு, வலிப்பு, சிறு சூட்டுக்காயம் எல்லாம் அதற்குள் வரும். மாரடைப்பும் எலும்பு முறிவும் விரிவாக வருவது மூன்றுநாள், அதாவது 18 மணித்தியாலப் பயிற்சியில். நீரிழிவும் இருதய நோயும் எங்கள் சமூகத்தில் இருக்கும் இருப்பைப் பார்த்தால், ஐம்பதைத் தாண்டியவர்கள் வேலை செய்யும் கடைக்கு நான் மூன்றுநாள் பயிற்சியையே சொல்வேன்.

இணையத்தில் ஒரு மணித்தியாலம் வீடியோ பார்த்து, சில பவுண்ஸ் கட்டி, அச்சடித்து மாட்டிய சான்றிதழை நம்பாதீர்கள். பாடத்தின் ஒரு பகுதியை இணையத்தில் படிக்கலாம். ஆனால் செயல்முறையை நேரில், பொம்மையின் நெஞ்சில் கை வைத்துத்தான் பழக வேண்டும். "எச்.எஸ்.இ. அங்கீகாரம் பெற்றது" என்ற விளம்பரத்தைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். 2013 ஒக்டோபரோடு எச்.எஸ்.இ. பயிற்சி நிறுவனங்களை அங்கீகரிப்பதையே நிறுத்திவிட்டது. தரம் பார்க்கும் பொறுப்பைத் தூக்கிச் சின்னக் கடைக்காரரின் தலையில் வைத்ததும் அப்போதுதான். அது வசதியான முடிவு, அவர்களுக்கு. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும்: இது தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவாலின் கீழ் வரும் தகைமையா, பயிற்றுநரின் சொந்தச் சான்றிதழ் எங்கே, நேரில் எத்தனை மணித்தியாலம்? இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் சென் ஜோன் அம்புலன்ஸிடமோ பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கத்திடமோ போங்கள். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். இடையில் வருடத்துக்கு ஒருமுறை அரைநாள் மீட்டல் பயிற்சி எடுக்க எச்.எஸ்.இ. பலமாகப் பரிந்துரைக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், வீடியோச் சான்றிதழ் போதாது.

பயிற்சிக் காசை ஊழியரின் சம்பளத்தில் வெட்டுவது நடக்கிறது. 1974ஆம் ஆண்டு வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது: சட்டம் கேட்கும் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு ஊழியரிடம் பணம் அறவிட முடியாது.

பெட்டிக்குள் மருந்து மாத்திரை வைக்கக் கூடாது. பனடோல் வெளியே போகட்டும். தனித்தனியாகச் சுற்றிய 20 பிளாஸ்டர், பெரியதும் நடுத்தரமுமான காயக் கட்டுகள், முக்கோணக் கட்டுத்துணி, கண் கட்டு, ஊசிப்பின், கையுறை. பெட்டியில் இவை இருந்தால் சரி. மூடியில் ஒரு துண்டு ஒட்டி, காலாவதித் திகதிகளை எழுதுங்கள்.

இனி எவரும் செய்யாத வேலை: எழுதி வைப்பது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் விபத்துப் பதிவேடு கட்டாயம். அதற்குக் குறைந்தாலும் வாங்கி வையுங்கள். யாருக்கு, எப்போது, எங்கே, எப்படி, என்ன முதலுதவி, கொடுத்தவர் யார் என்பதை அன்றே எழுத வேண்டும். தனிப்பட்ட விபரம் என்பதால், எழுதிய பக்கத்தைக் கிழித்துப் பூட்டி வைக்க வேண்டும். விபத்து நடந்த நாளைத் தவிர்த்து, ஏழு நாளுக்கு மேல் ஒருவரால் தன் வழமையான வேலையைச் செய்ய முடியாமல் போனால், வேலைத்தல விபத்துகளை அறிவிப்பதற்கான ரிடோர் விதிகளின்படி 15 நாளுக்குள் எச்.எஸ்.இ. இணையத்தளத்தில் அறிவிக்க வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். விரல் துண்டிப்பு, பெரும்பாலான எலும்பு முறிவுகள் போன்றவற்றுக்கு ஏழு நாள் பார்த்திருக்கக் கூடாது, தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

பேஸ்லிப் இல்லாமல் காசு கொடுத்து வேலை வாங்குகிறவர்கள்தான் பதிவேட்டுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். பேஸ்லிப் இல்லை என்பதற்காக அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கான பொறுப்பு உங்கள் தோளிலிருந்து இறங்கிவிடாது. காயம்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. அன்று பதிவேடு வெறுமையாக இருந்தால், நீங்கள் செய்த நல்லதற்கும் சாட்சி இருக்காது. ஊழியருக்கான கட்டாயக் காப்புறுதி இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்ஸ் வரை தண்டம் வேறு.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டி இல்லை, பொறுப்பாளர் இல்லை என்றால் முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான். அசையாவிட்டால் கடைகளுக்குப் பொறுப்பு உங்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு. எச்.எஸ்.இ.க்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கவுன்சில்காரர் விபத்துக்கு முன் கடைப்படி ஏறுவது அபூர்வம், ஆகவே முறைப்பாட்டைத் திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பி, தொடர்பு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இப்படிக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் அது சட்டவிரோதம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆனவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வழக்குக்கு முன் வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் ஏகாஸிடம் பதிய வேண்டும், அதற்கான காலக்கெடு குறுகியது. நிறுத்திய வாரமே பதியுங்கள்.