110 ரூபாய் ஆன்லைன் போக்கர்: திறமை ஜெயிக்குமா, கணக்கு ஜெயிக்குமா?

“போக்கர் சூதாட்டம் இல்ல ப்ரோ, மூளை விளையாட்டு. சின்ன டோர்னமென்ட்தானே... போனா நூறு ரூபா, வந்தா ஐந்நூறு.”

ராஜபாளையம் டீக்கடையிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்கு பைக்கைக் கிளப்பும் நண்பர்கள் கூட்டத்திலும் சரி, இப்படிப் பேச ஓர் ஆள் இருப்பார். அவர் சொல்வதில் முதல் பாதி ஓரளவு உண்மை. நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. சிக்கல் இரண்டாவது பாதியில் இருக்கிறது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்கு இப்போது நாடு முழுவதும் தடை. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் செல்போனுக்கு வருவது நின்றுவிடவில்லை. அதனால் இந்தச் சின்னப் போட்டிகளின் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

*சின்னப் போட்டி எப்படி நடக்கும்?*

10 பேர் உட்காரும் ஒரு மேஜையை எடுத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணம் 110 ரூபாய். இதில் 100 ரூபாய் பரிசுத் தொகைக்குப் போகும். மீதி 10 ரூபாய் தளத்தின் கமிஷன்.

பரிசு மொத்தம் 1,000 ரூபாய். முதல் இடத்துக்கு 500, இரண்டாம் இடத்துக்கு 300, மூன்றாம் இடத்துக்கு 200. மற்ற 7 பேருக்கும் ஒன்றுமில்லை.

10 பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால், நீண்ட நாள் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு 100 ரூபாய் திரும்பி வரும். கட்டியது 110. அதாவது சராசரி ஆட்டக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் 10 ரூபாயை விட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். கையைக் கடிக்காமல் தப்பிக்கவே மேஜையின் சராசரியைவிட 10 சதவீதம் நன்றாக ஆட வேண்டும்.

*திறமை எங்கே வேலை செய்கிறது?*

பிரபலமான 'டெக்சாஸ் ஹோல்டெம்' வகையில் ஒவ்வொருவருக்கும் கையில் 2 சீட்டு. மேஜையில் பொதுவாக 5 சீட்டு. சீட்டு விழுவது அதிர்ஷ்டம். அந்தச் சீட்டை வைத்து ஆடுவதா, மடக்கிப் போடுவதா, எவ்வளவு கட்டுவது என்பதெல்லாம் நம் முடிவு. திறமைக்கு இடம் இங்கேதான்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலும் சும்மா இருப்பார். பத்தில் ஏழெட்டு கைகளை மடக்கிவிடுவார். குறைந்த கட்டண மேஜைகளில் பலர் எதற்கெடுத்தாலும் 'கால்' சொல்வார்கள், லேசில் மடக்க மாட்டார்கள். அவர்களிடம் 'பிளஃப்' அடித்துப் பயமுறுத்துவது வீண். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிதாகக் கட்டுவதே அங்கே எடுபடும்.

நேரம் போகப் போக, எல்லோரும் சுற்றுக்குச் சுற்று கட்டாயமாகக் கட்டும் 'பிளைண்ட்' தொகை ஏறிக்கொண்டே போகும். கையில் இருக்கும் சிப்ஸ் பெரிய பிளைண்டைப் போல 10 மடங்குக்குக் கீழே வந்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்று மொத்தத்தையும் வைத்து 'ஆல்-இன்', இல்லையென்றால் மடக்கு. முதலில் ஆல்-இன் சொல்பவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி பயந்து மடக்கலாம், அல்லது சீட்டே கைகொடுக்கலாம். அதற்கு 'கால்' சொல்பவருக்கோ ஒரே வழி, சீட்டு மட்டும்தான்.

*கடைசி நான்கு பேர்*

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 4 பேர் மிச்சம், பரிசு 3 பேருக்கு. நால்வரிடமும் சமமான சிப்ஸ். இப்போது ஒவ்வொருவரின் இடத்துக்கும் மதிப்பு 1,000-இல் கால் பங்கு, 250 ரூபாய்.

ஒருவர் ஆல்-இன் சொல்கிறார். நீங்கள் 'கால்' சொல்லித் தோற்றால் 250-உம் போச்சு. ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும். அப்படியானால் மதிப்பு 500 ஆகிவிடுமா? ஆகாது. மேஜையில் மூவர் இருப்பார்கள், பாதி சிப்ஸ் உங்களிடம். நீங்கள் முதலிடம் பிடிக்க 2-இல் 1 வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு 3-இல் 1, மூன்றாமிடத்துக்கு 6-இல் 1. பரிசுத் தொகையோடு பெருக்கிக் கூட்டினால் சுமார் 383 ரூபாய்.

ஆக, 133 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க 250 ரூபாயைப் பணயம் வைக்கிறீர்கள். இது கட்டுப்படியாக வேண்டுமென்றால் 100-க்கு 65 தடவை ஜெயிக்கும் சீட்டு வேண்டும். எதிராளி எந்தச் சீட்டை வைத்து ஆல்-இன் சொன்னாலும் சரி என்று வைத்துக்கொண்டால்கூட, ஏஸ்-கிங் போன்ற பலமான கைக்கே ஏறக்குறைய 65 சதவீத வாய்ப்புதான். அவர் கொஞ்சம் பார்த்து ஆடுபவர் என்றால் ஏஸ்-கிங்கையும் மடக்குவதுதான் சரி. “இவ்வளவு நல்ல சீட்டை எப்படி விடுறது?” என்று மனசு கேட்கும். அந்த மனசுதான் பரிசுக்கு ஓர் இடம் முன்னால் ஆளை வெளியே அனுப்புகிறது.

*10 முறை தோற்றால் திறமை இல்லையா?*

அப்படியும் சொல்ல முடியாது. 100 பேர் ஆடி 15 பேருக்குப் பரிசு தரும் போட்டியில், சராசரி ஆட்டக்காரர் தொடர்ந்து 10 முறை வெறுங்கையோடு திரும்ப 100-க்கு 20 வாய்ப்பு உண்டு. அதேபோல, சுமாராக ஆடுபவர் வரிசையாக மூன்று போட்டியில் பரிசு வாங்குவதும் நடக்கும். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நம்பி, அடுத்த வாரம் 1,100 ரூபாய் மேஜையில் போய் உட்கார வைக்கும்.

செண்பகத்தோப்பு ஓடை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பத்து தடவை போனபோது கணுக்கால் அளவுதான் தண்ணீர் என்பதால் பதினோராவது தடவையும் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

*சைடு இன்கம் ஆகுமா?*

கட்டிய பணத்தில் 10 சதவீதம் லாபம் பார்க்கும் நல்ல ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். 110 ரூபாய் ஆட்டத்தில் அவர் லாபம் சராசரியாக 11 ரூபாய். ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆனால், மணிக்கு 11 ரூபாய் சம்பளம். ஆன்லைன் விளையாட்டில் ஓர் ஆண்டின் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி. அது போக 7 ரூபாய் 70 காசு. 2023 அக்டோபர் 1 முதல், தளத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு வந்தது. வரியையும் கமிஷனையும் தாண்டி லாபம் பார்ப்பது நல்ல ஆட்டக்காரருக்கே குதிரைக்கொம்பு.

*நீதிமன்றம் சொன்னது என்ன?*

தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த தடையை அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால், 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு புதிய சட்ட மசோதா 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025-இல் மாநில அரசு, ஆதார் சரிபார்ப்பும் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடத் தடையும் கொண்டுவந்தது. தூக்கமில்லாத நேரத்தில்தான் விட்டதைப் பிடிக்கும் வெறி அதிகம் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் யோசனை. இந்த விதிகள் செல்லும் என்று 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

*இப்போது நிலைமை?*

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் தடை. அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். வெறுமனே ஆடியவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

தண்டனை இல்லை என்பதால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெளிநாட்டுத் தளத்தில் ஜெயித்த பணம் வராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? எதிரே ஆடுவது மனிதரா, மென்பொருளா என்றும் தெரியாது.

*அப்போ போக்கரே வேண்டாமா?*

ஆட்டம் பிடித்திருந்தால் பணமில்லாத சிப்ஸில் ஆடலாம். மேலே சொன்ன நான்கு பேர் கணக்கை அங்கேயே போட்டுப் பார்க்கலாம். வாய்ப்பைக் கணக்கிடுவதும், கோபத்தில் முடிவெடுக்காமல் இருப்பதும் வேலையிலும் முதலீட்டிலும் உதவும்.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவது, வீட்டில் மறைப்பது, தூக்கத்தைத் தொலைப்பது... இதில் ஒன்று இருந்தாலும் அது விளையாட்டு இல்லை. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416. ஆன்லைன் பண மோசடி என்றால் 1930, உடனே அழைக்க வேண்டும். விட்ட பணத்தை அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தால், மீட்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும்.