கைத்தொழிலுக்குள் கணினித் திறன்
தொழிற்பயிற்சியில் செய்ய வேண்டிய மாற்றம்



இவ்வாண்டு மலருக்கு நம் பிள்ளைகளின் தொழிற்கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் அன்புடன் கேட்டுக்கொண்டனர். மோட்டார் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள், அதன்பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராகப் பதினாறு ஆண்டுகள் என்று என் உழைப்புக் காலம் கழிந்தது. ஆகவே எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் நான் அறிந்த துறையிலிருந்தே கூறுகிறேன்.

டிஜிட்டல் திறன் என்றும் மின்னிலக்கத் திறன் என்றும் இன்று எங்கும் பேசப்படுகிறது. தொழில் கற்கும் பிள்ளைக்கு அது வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி. என் கருத்து இது: அதைத் தனிப் பாடமாக ஒட்டவைத்தால் பயன் மிகக் குறைவு. தொழிலின் ஒவ்வொரு வேலைக்குள்ளும் அதை எழுதி, வேலை நடக்கும் இடத்திலேயே கற்பித்து, அங்கேயே சோதித்தும் பார்க்க வேண்டும். ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பட்டறை மாறிய விதம்

பின்சக்கரத்தின் பிரேக் பேட் மாற்றுவது முன்பு சேர்ந்து ஆறு மாதம் ஆன பையனே செய்யும் வேலை. இன்று மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல கார்களில் அப்படி நேராகக் கை வைக்க முடியாது. முதலில் ஸ்கேனர் கருவியை மாட்டியோ, நிறுவனம் சொல்லியுள்ள வேறு முறையிலோ பிரேக்கைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் பிஸ்டனை வலிந்து தள்ளினால் உள்ளிருக்கும் சிறு மோட்டார் கெட்டுவிடும். முன்கண்ணாடி மாற்றுவதும் அவ்வாறே. கண்ணாடியின் பின்னால் பாதுகாப்புக் கேமரா உள்ள கார்களில், கண்ணாடி மாற்றியபின் அந்தக் கேமராவை மீண்டும் அளவுபடுத்த வேண்டும்.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் ஓ.பி.டி.-2 என்னும் பொதுச் சோதனை முறை கட்டாயமாயிற்று. 2001-இல் ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களுக்கும் அதையொத்த முறை வந்தது. இதனால் எந்த நிறுவனத்தின் காரானாலும் ஒரே வகைச் செருகியில் கருவியை மாட்டிப் பழுதுக் குறியீடுகளைப் படிக்க முடிகிறது.

இங்கேதான் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனரில் பி0171 என்ற குறியீடு வந்தால், காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவு குறைந்திருக்கிறது என்று பொருள். அது ஏன் குறைந்தது என்பதைக் கருவி சொல்வதில்லை. ரப்பர் குழாய் வெடித்துக் காற்று உள்ளே புகுந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சார் அழுக்கடைந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம். கருவியை மட்டும் அறிந்த பையன் கண்ணில் பட்ட சென்சாரை மாற்றிவிட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவான். பழுது மறுவாரம் திரும்பி வரும். கைவேலை மட்டும் அறிந்த பையனோ எங்கே தேடுவது என்று தெரியாமல் அரை நாளைக் கழிப்பான். இரண்டும் தெரிந்தவன் குறியீட்டைப் படித்து, இயந்திரம் ஓடும்போது வரும் எண்களைப் பார்த்து, பிறகு குழாய்களைக் கையால் தொட்டுச் சோதிப்பான்.

லேத் பட்டறையிலும் இதே நிலைதான். கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில் 30.00 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டிய தண்டு 30.04 ஆக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கருவியின் தேய்மான அட்டவணையில் 0.04-ஐக் கழித்துவிட்டால் அடுத்த தண்டு சரியாக வரும். ஆனால் வெட்டிய சூடு ஆறுமுன் மைக்ரோமீட்டரை வைத்தால், இரும்பு விரிந்திருப்பதால் அளவு கூடுதலாகவே காட்டும். அந்தத் தவறான எண்ணை அட்டவணையில் ஏற்றினால் அடுத்த தண்டு வீண். எண்ணை ஏற்றுவது கணினித் திறன். ஆறும்வரை பொறுப்பது தொழில் திறன். இவ்விரண்டையும் எந்த இடத்தில் பிரிப்பது?

தனி வகுப்பின் குறை

பல பயிற்சி நிலையங்களில் வாரம் ஒரு நாள் கணினி வகுப்பு உண்டு. கடிதம் தட்டச்சு செய்வது, கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவது ஆகியவற்றைக் கற்பிப்பார்கள். அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் அங்கே தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் மறுநாள் பட்டறைக்கு வந்து, ஸ்கேனர் காட்டிய குறியீட்டை எழுதி வைக்காமலே அழித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குறியீடு தோன்றிய நேரத்தில் இயந்திரம் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும். நோயாளியின் குறிப்பேட்டைக் கிழித்துவிட்டு வைத்தியம் தொடங்குவதற்கு அது ஒப்பாகும்.

இக்காலத்துப் பிள்ளைகள் கைபேசியிலேயே வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எதற்குத் தனியாகக் கற்பிக்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். கைபேசியில் படம் பார்ப்பதும் வேலையிடத்தில் ஒரு பதிவைப் பொறுப்போடு கையாள்வதும் வேறு வேறு. வீட்டிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவைத் தொழிற்சாலை இயந்திரத்தில் செருகினால் என்ன ஆகும், காரில் பதிந்துள்ள வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைப் பட்டறையில் எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் கைபேசி கற்றுத் தராதவை. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆகவே இது ஒழுக்கம் சார்ந்தது மட்டுமல்ல, சட்டம் சார்ந்ததும்கூட.

தரநிலை என்பது என்ன?

நம் நாட்டில் தொழிற்பயிற்சிக்கு அடிப்படையாக இருப்பது நோஸ் எனப்படும் தேசியத் தொழில்திறன் தரநிலை. ஒரு தொழிலில் குறிப்பிட்ட நிலையில் உள்ளவர் என்னென்ன வேலைகளை எந்த அளவுக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜே.பி.கே. என்னும் திறன் மேம்பாட்டுத் துறை, தொழில்துறை வல்லுநர்களைக் கொண்டு இதனைத் தயாரிக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்குச் சட்ட வலுவை அளித்தது. எஸ்.கே.எம். சான்றிதழின் முதல் மூன்று நிலைகளும், அதற்கு மேலுள்ள டிப்ளோமா, உயர் டிப்ளோமா ஆகியவையும் இத்தரநிலையைக் கொண்டே வழங்கப்படுகின்றன.

பயிற்றுநராக நான் கண்டறிந்தது ஒன்று உண்டு. தரநிலையில் எழுதப்பட்டதுதான் மதிப்பீட்டில் வரும். மதிப்பீட்டில் வருவதைத்தான் பெரும்பாலான நிலையங்கள் கற்பிக்கும். நல்ல பயிற்றுநர் கூடுதலாகக் கற்பிக்கலாம். ஆனால் அவர் மாறிப் போனால் அதுவும் போய்விடும். ஆகவே மாற்றம் தரநிலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஜெர்மனி காட்டும் வழி

2005-இல் மலேசியாவில் எஸ்.எல்.டி.என். என்னும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை தொடங்கியது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதம் பயிற்சி நிலையத்திலும் நடைபெறும். இது ஜெர்மனியின் இரட்டை முறையைத் தழுவியது. சிங்கப்பூரும் 1990-இல் அதே ஜெர்மானிய முறையைப் பின்பற்றித் தன் தொழிற்பயிற்சியைச் சீரமைத்தது. ஆகையால் ஜெர்மனியில் அண்மையில் நடந்ததை நாம் அறிந்துகொள்வது நல்லது.

அங்கே 2018 ஆகஸ்டு முதல் தேதி, உலோகத் தொழில், மின்தொழில், மெக்கட்ரோனிக்ஸ் ஆகியவற்றைச் சேர்ந்த 11 பயிற்சித் தொழில்களின் விதிகள் திருத்தப்பட்டன. புதிய தொழில்களை உருவாக்காமல், இருக்கும் தொழில்களுக்குள்ளேயே வேலையின் மின்னிலக்கமயம், தரவுப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கட்டாயப் பகுதியாகச் சேர்த்தார்கள். நிரலெழுதுதல், முப்பரிமாண அச்சு முறையில் பொருள் செய்தல் போன்றவை விரும்பினால் கற்கலாம் என்று கூடுதல் தகுதிகளாக வைக்கப்பட்டன. எல்லாருக்கும் வேண்டியது எது, சிலருக்கு மட்டும் வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்த அந்தத் தெளிவு பாராட்டத்தக்கது.

பின்னர் 2021 ஆகஸ்டு முதல் தேதி இன்னும் ஒரு படி முன்னேறினார்கள். அதன்பின் புதிதாக எழுதப்படும் அல்லது திருத்தப்படும் பயிற்சித் தொழில் ஒவ்வொன்றிலும் மின்னிலக்க வேலை உலகம் என்ற பகுதி இடம்பெற்றாக வேண்டும். தொழில் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு இணையாக அதனை வைத்தார்கள். எந்தத் துறைத் தொழிலாயினும் இதுதான் விதி. முந்தைய விதிகளின்கீழ் பயிற்சி நடக்கும் தொழில்களிலும் அதைக் கற்பிக்குமாறு பரிந்துரைத்தார்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவ்விதிகளை எழுதும் முறை. முதலாளிமார் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்தே அவை தயாராகின்றன. குறிப்பிட்ட கருவியின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ எழுதாமல், செய்ய வேண்டிய செயலை எழுதுகிறார்கள். கருவி மாறினாலும் விதி பழையதாகிவிடுவதில்லை.

நம் தரநிலையில் எப்படி எழுதுவது?

மலேசிய அரசு 2018 அக்டோபர் 31-ஆம் நாள் தொழில்துறை 4.0-க்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து புதிய தொழில்கள் பற்றிப் பேச்சு அதிகம். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் சேர்வது கார் பழுதுபார்த்தல், மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனம், லேத் வேலை போன்ற பழைய தொழில்களில்தான். அவற்றின் தரநிலைகளுக்குள் மின்னிலக்கத் திறன் புகுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எடுத்துக்காட்டாக, இயந்திரப் பழுதைக் கண்டறிக என்று ஒரே வரியில் எழுதினால் போதாது. சோதனைக் கருவியை மாட்டிக் குறியீட்டையும் அதனுடன் வரும் பதிவையும் அழிப்பதற்கு முன் வேலைத்தாளில் குறித்தல். கருவி காட்டும் எண்ணைக் கையால் அளந்த எண்ணோடு ஒப்பிடுதல். பழுதுபார்ப்பு விவரத்தை நம்பத்தக்க கையேட்டிலிருந்து எடுத்தல். வேலை முடிந்தபின் வண்டியை ஓட்டிச் சோதித்து மீண்டும் குறியீடு வருகிறதா என்று பார்த்தல் என்று படிகளாக எழுத வேண்டும். மின்தொழிலில், மின்காப்புச் சோதனைக்கு 500 வோல்ட் கொடுப்பதற்கு முன், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது ஒரு படி. அதைத் தவறவிட்டால் சாதனம் எரிந்துபோகும். தொலைவிலிருந்து இயக்கத்தக்க இயந்திரத்தைப் பழுதுபார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுவது இன்னொரு படி. அது தவறினால் போவது உயிர்.

பயிற்றுநரும் கருவியும்

தரநிலையை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. எஸ்.எல்.டி.என். முறையில் பிள்ளைகளுக்குப் பெரும்பகுதியைக் கற்றுத் தருபவர் வேலையிடத்து மூத்த தொழிலாளி. அவருக்கே புதிய கருவியில் பழக்கம் இல்லையென்றால், அந்த வேலை வரும்போது பையனைக் கார் கழுவ அனுப்பிவிடுவார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கும் பயிற்சி கொடுக்கவேண்டியது நம் பொறுப்பு.

நாலு பேர் வேலை செய்யும் சிறிய பட்டறையில் விலையுயர்ந்த கருவிகளையும் எதிர்பார்க்க முடியாது. ஜெர்மனியில் இதற்காகவே பல சிறு நிறுவனங்களின் பயிற்சியாளர்கள் வந்து கற்கும் பொது நிலையங்கள் உள்ளன. அந்நிலையங்களுக்குப் புதிய மின்னிலக்கக் கருவிகள் வாங்க 2016-இல் அந்நாட்டு மத்திய அரசு தனி நிதித் திட்டமே தொடங்கியது. நம் பயிற்சி நிலையங்களும் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்குப் பொதுக் கருவிக்கூடமாக இயங்கினால் பெரும் நன்மை விளையும்.

பெற்றோரும் கொடையாளரும் கேட்க வேண்டியவை

பிள்ளையை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்க்கும் பெற்றோரும், அப்பிள்ளைக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்களும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எந்த ஆண்டின் தரநிலையைக் கொண்டு இங்கே பயிற்சி நடக்கிறது? சோதனைக் கருவியைப் பிள்ளை தன் கையால் வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்துவான்? மதிப்பீட்டின்போது அக்கருவியைக் கொண்டு உண்மையான பழுதொன்றைக் கண்டறியச் சொல்வீர்களா? பயிற்றுநர் கடைசியாக எப்போது புதிய பயிற்சி பெற்றார்? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் சேர்க்கலாம்.

கொடை என்றால் பத்துக் கணினி வாங்கி ஓர் அறையில் அடுக்குவதுதான் நம் வழக்கம். அதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நல்ல சோதனைக் கருவி ஒன்றை வாங்கி, பயிற்றுநர் ஒருவரை அதில் பயிற்சி பெற அனுப்பினால், அவர் கையில் ஆண்டுதோறும் வரும் பிள்ளைகள் எல்லாரும் பயனடைவார்கள். அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத மூத்த தொழிலாளர்களுக்கு, வகுப்பில் அமராமலே தங்கள் திறனைக் காட்டிச் சான்றிதழ் பெற பி.பி.டி. என்னும் வழியும் உண்டு. அவர்களையும் இந்தப் புதிய திறனில் பழக்கிச் சான்றிதழ் பெறச் செய்தால், நாளைய பயிற்றுநர்கள் நம்மிடையே கிடைப்பார்கள்.

எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெறாத பிள்ளைக்குக் கைத்தொழில் ஒன்றே மீளும் வழியாக இருக்கும் குடும்பங்கள் நம்மில் பல. அந்தத் தொழிலிலும் அவன் பத்து ஆண்டுகள் கழித்து எடுபிடியாகவே நிற்பானா, சொந்தமாகப் பட்டறை வைப்பானா என்பதை இன்று அவனுக்கு எழுதப்படும் தரநிலையும், அதை அவன் கையில் சேர்க்கும் பயிற்றுநரும்தான் பெரிதும் முடிவு செய்கிறார்கள். இதனை மனத்திற்கொண்டு, அடுத்த முறை ஒரு பயிற்சி நிலையத்தின் படியை மிதிக்கும்போது அந்த நான்கு கேள்விகளையும் மறவாமல் கேட்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.