610 – 610

பி.காம். படித்தவனுக்கு வாழ்க்கையில் உத்தரவாதமான சந்தோஷம் ஒன்றே ஒன்றுதான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆவது! இடது பக்கம் கூட்டினால் ஒரு தொகை. வலது பக்கம் கூட்டினாலும் அதே தொகை. அந்த விநாடி மனசுக்குள் நாதஸ்வரம் கேட்கும். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு சுத்தமாகக் கேட்கவில்லை. (என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாள் என்ற தைரியம்தான்.)

அந்த நாதஸ்வரத்தை சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் ஒரு தடவை கேட்டேன். 2016 ஜூன் மாதம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடர். கலிஃபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் ஒஹாயோவின் கிளீவ்லாந்து கேவலியர்ஸும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆறு மேட்ச் முடிந்திருந்தது. கை சும்மா இருக்குமா? கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கோர்களை எழுதிக் கூட்டினேன்.

வாரியர்ஸ்: 104, 110, 90, 108, 97, 101.

கேவலியர்ஸ்: 89, 77, 120, 97, 112, 115.

நீங்களும் கூட்டிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆச்சா? இந்தப் பக்கம் 610. அந்தப் பக்கமும் 610!

நம்பவில்லை. கால்குலேட்டரில் ஒரு தடவை, விரல் விட்டு ஒரு தடவை எண்ணினேன். 288 நிமிஷம் ஓடி, குதித்து, இடித்து, விழுந்து ஆடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் ஆறில் ஒரு மேட்ச்கூட இழுபறி கிடையாது. ஒவ்வொன்றிலும் ஜெயித்தவர்கள் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் சாத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் இவர்கள் 33 புள்ளியில் அடித்தால், அடுத்த ஆட்டத்திலேயே அவர்கள் 30 புள்ளியில் திருப்பிக் கொடுத்தார்கள்.

மேட்ச் கணக்கிலும் 3 – 3. ஏழு ஆட்டத்தில் முதலில் நாலு ஜெயிப்பவனுக்குத்தான் கோப்பை. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

* * *

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதல் நாலு ஆட்டம் முடிந்தபோது கணக்கு 3 – 1. வாரியர்ஸ் கை ஓங்கியிருந்தது. என்.பி.ஏ. இறுதித் தொடர் சரித்திரத்தில் அதற்கு முன் 32 அணிகள் 1 – 3 என்று பின்தங்கியிருக்கின்றன. மீண்டு வந்து ஜெயித்தது எத்தனை? பூஜ்யம். 32-ம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

அதிலும் எதிரி யார்? அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 73 ஜெயித்த அணி. மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் 1995-96 சீசனில் ஜெயித்த 72-ஐ இனி எவனும் தொட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டதோடு நிற்காமல் தாண்டிய அணி. அதில் ஸ்டெஃபன் கரி என்று ஒரு குழந்தை முகக்காரர். அந்த சீசனில் மட்டும் 402 மூன்று புள்ளி ஷாட் போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டு, தபால் பெட்டியில் லெட்டர் போடுகிற மாதிரி போடுவார்.

இந்தப் பக்கம் கிளீவ்லாந்து. ஏரிக்கரைத் தொழில் நகரம். 1950-ல் ஒன்பது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. 2010-ல் நாலு லட்சத்துக்கும் கீழே. பக்கத்தில் தொழிற்சாலை மூடிய ஊர் எதிலாவது நீங்கள் வசித்திருந்தால், அந்த எண்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊருக்குப் பெரிய விளையாட்டு எதிலும் ஒரு சாம்பியன் பட்டம் கிடைத்தது கடைசியாக 1964-ல், அமெரிக்க ஃபுட்பாலில். அப்புறம் 52 வருஷம் வாய்க்கு எட்டியது கைக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 1989-ல் ஜோர்டான் கடைசி விநாடியில் போட்ட ஒரு பந்தை நினைத்து அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள்.

அந்த ஊருக்கு ஒரு பிள்ளை கிடைத்தான். லெப்ரான் ஜேம்ஸ். கிளீவ்லாந்திலிருந்து நாற்பது மைல் தள்ளியுள்ள ஆக்ரனில் 1984-ல் பிறந்தவர். பெற்றபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. 2003-ல் ஸ்கூல் முடித்த கையோடு கேவலியர்ஸில் சேர்ந்தார். ஏழு வருஷம் ஆடினார். 2007-ல் இறுதித் தொடர் வரை கொண்டுபோனார். 0 – 4 என்று தோல்வி.

2010 ஜூலையில் டி.வி.யில் வந்து உட்கார்ந்து, மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார். ஊரே கொதித்தது. அவர் பேர் போட்ட பனியனை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அணி உரிமையாளர் கோபத்தில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். லெப்ரானுக்கு முன்னால் நாங்கள் சாம்பியன் ஆகிக் காட்டுகிறோம் பார் என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார். எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் என்றால் ஆடிட்டர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்திருக்கும். லெப்ரான் மயாமியில் 2012, 2013 என்று இரண்டு கோப்பை வாங்கிவிட்டார்.

2014-ல் திரும்பி வந்தார். வந்த முதல் வருஷமே இறுதித் தொடர். எதிரி இதே வாரியர்ஸ். கைரி இர்விங்குக்கு முழங்கால் எலும்பு உடைந்தது. கெவின் லவ்வுக்கு அதற்கு முன்பே தோள்பட்டை போயிருந்தது. 2 – 4 தோல்வி. மறுவருஷம் 2016. நாலு ஆட்டத்தில் 1 – 3.

போய்விட்டுத் திரும்பி வந்த பிள்ளை ஒருவன் வெறுங்கையோடு வாசலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊரை விட்டு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

* * *

இந்த இடத்தில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூனில் நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு நடுவே குடியிருந்தேன். சி.ஏ. இன்டரில் முதல் குரூப் பாஸ். இரண்டாவது குரூப் மூன்று முறை கோவிந்தா. அதாவது தோல்வி 3, வெற்றி 1. புரிகிறதா, நான் ஏன் அந்தத் தொடரை அப்படிப் பார்த்தேன் என்று?

ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் முரட்டுத் தூண் டிரேமண்ட் கிரீன் இல்லை. என்.பி.ஏ.வில் முரட்டு ஃபவுலுக்கெல்லாம் பாயிண்ட் போட்டு எழுதி வைப்பார்கள். அளவு தாண்டினால் ஒரு ஆட்டம் வெளியே. நாலாவது ஆட்டத்தில் லெப்ரான் மேல் கை வைத்ததில் கிரீனின் கணக்கு நிரம்பி விட்டது. பாவம், பக்கத்து பேஸ்பால் மைதானத்தில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தார். அன்று லெப்ரான் 41, இர்விங் 41. ஒரே அணியில் இரண்டு பேர் நாற்பதைத் தாண்டியது இறுதித் தொடரில் அதுவே முதல் முறை. ஆறாவது ஆட்டத்தில் லெப்ரான் மறுபடியும் 41. கணக்கு 3 – 3. புள்ளி 610 – 610.

* * *

ஏழாவது ஆட்டம் ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, வாரியர்ஸின் ஓக்லண்டில். நமக்குத் திங்கட்கிழமை காலை ஐந்தரை. 1978-க்கு அப்புறம் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை வெளியூர் அணி ஜெயித்ததே இல்லை.

அம்மா எழுந்து வந்து டி.வி.யைப் பார்த்தாள். "ஏண்டா, காலங்கார்த்தால இது என்ன? இவ்ளோ ஒசரமா இருக்கறவன் கூடைல பந்து போடறதுல என்னடா சாமர்த்தியம்?"

"எதிர்ல நிக்கறவனும் ஒசரம்மா."

"அப்ப கூடையை இன்னும் கொஞ்சம் மேல மாட்ட வேண்டியதுதானே!"

இதற்கு என்.பி.ஏ. கமிஷனரிடமே பதில் இருக்காது. நான் பேசாமல் காபியை வாங்கிக்கொண்டேன்.

ஆட்டம் ஊசிமுனையில் போனது. இருபது தடவை முன்னிலை கைமாறியது. கடைசி நாலரை நிமிஷம் இருக்கும்போது 89 – 89. அதற்கப்புறம்தான் வேடிக்கை. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஒரு பந்தும் விழவில்லை. கை நடுக்கம் எல்லாருக்கும் பொதுதான் போலிருக்கிறது. எனக்கு மட்டும்தான் பரீட்சை ஹாலில் வரும் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் இரண்டு நிமிஷம்கூட இல்லை. இர்விங் போட்டது தவறியது. வாரியர்ஸின் ஆண்ட்ரே இக்வடாலா பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கரியிடம் கொடுத்தார், திரும்ப வாங்கினார். கூடை கைக்கெட்டும் தூரத்தில். எதிரில் ஜே.ஆர். ஸ்மித் ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து கத்தினார். "மோட்டாரை யாருங்க போட்டது? டேங்க் வழியுது!"

போட்டது நான்தான். எழுந்திருக்கவில்லை. வழியட்டும்.

ஸ்மித் குறுக்கே எழும்பினார். பந்தைத் தொடவில்லை. ஆனால், இக்வடாலா அவரைத் தவிர்க்கப் பந்தைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அரை விநாடி, அவ்வளவுதான். மறுகோடியிலிருந்து ஓடிவந்த லெப்ரானுக்கு அது போதும். எங்கிருந்தோ ஒரு கை வந்தது. பந்து பலகையோடு சேர்த்து அறையப்பட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. காபி சட்டையில் இருந்தது.

53 விநாடி இருக்கும்போது கரியின் தலைக்கு மேலேயே இர்விங் மூன்று புள்ளி ஷாட் போட்டார். 92 – 89. அடுத்து கரி முறை. அவர் முன்னால் மாட்டியவர் கெவின் லவ். ஆள் பெரியவர், கால் மெதுவானவர், டிஃபன்ஸ் வராது என்று பத்திரிகைகள் வருஷம் பூராவும் வறுத்தெடுத்தவர். கரி இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார், பின்னால் போய் முன்னால் வந்தார். லவ் விடவில்லை. கரி கடைசியில் அவசரமாக எறிந்தார். தவறியது. கடைசியில் லெப்ரான் ஒரு ஃப்ரீ த்ரோ போட, 93 – 89.

மொத்தக் கணக்கு: கேவலியர்ஸ் 703, வாரியர்ஸ் 699.

52 வருஷத்துக்கு வித்தியாசம் நாலே நாலு புள்ளி!

லெப்ரான் தரையில் குப்புற விழுந்து அழுதார். அப்புறம் மைக்கில், கிளீவ்லாந்து, இது உனக்காக என்று கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் அழறான்? தோத்துட்டானா?" என்றாள்.

"ஜெயிச்சுட்டாம்மா. சொந்த ஊருக்காக."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அழட்டும்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை அணைக்கப் போனாள்.

* * *

எங்கள் காலேஜில் ஒரு பாடம் உண்டு. டிரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காத தவறுகள். டேலி ஆகிவிட்டது என்பதாலேயே எல்லாம் எழுதப்பட்டு விட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வரவை அடியோடு எழுத விட்டுவிட்டாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் காட்டும்.

அந்த ஏழாவது ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். லெப்ரான் தடுத்தது எழுதியிருக்கும். இர்விங் போட்டது எழுதியிருக்கும். ஸ்மித் அந்தப் பந்துக்குக் குதித்த குதிப்பு எந்தப் பத்தியிலும் இருக்காது. லவ் அந்தச் சில விநாடி கரியின் முன்னால் ஆடிய ஆட்டத்துக்கு லவ் பெயரில் ஒரு பைசா வரவு கிடையாது. கரி பெயரில் ஒரு தவறிய ஷாட், அவ்வளவுதான். ஆனால், இரண்டு எழுதாத வரவையும் எடுத்துவிட்டால் கோப்பை ஓக்லண்டிலேயே இருந்திருக்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஆபீஸிலும் இப்படி எழுதாத வரவு எத்தனை! எங்கள் வீட்டில் மோட்டாரை அணைத்தவர் பேரும் எந்த லெட்ஜரிலும் இல்லை.

மூன்று நாள் கழித்து கிளீவ்லாந்தில் ஊர்வலம். ஜனத்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவான ஊரில், பதிமூன்று லட்சம் பேர் கூடியதாகச் சொன்னார்கள். வாரியர்ஸ் சும்மா இருக்கவில்லை. கெவின் டுரான்ட்டைச் சேர்த்துக்கொண்டு 2017-ல் 4 – 1, 2018-ல் 4 – 0 என்று வட்டியும் முதலுமாக வாங்கிவிட்டார்கள். 2018-ல் லெப்ரான் மறுபடி ஊரைவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். இந்தத் தடவை 2010 மாதிரி ஊர் கொதிக்கவில்லை. உத்தரவாதக் கடிதம் எழுதிய அதே உரிமையாளர் நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்.

என் கதை? அந்த 93 – 89 கொடுத்த வேகத்தில் ராப்பகலாகப் படித்து, இரண்டாவது குரூப்பை நாலாவது முறை எழுதினேன்.

ஃபெயில். 4 – 1.

அதற்கப்புறம்தான் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தேன். இந்த வரவை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.